பன்னிரண்டு லட்சம் ஷில்லிங்: போர்வெல்லா, வகுப்பறையா, கையில் காசா?

கென்யாவின் மேற்கு ஓரத்தில், உகாண்டா எல்லையை ஒட்டிய புசியா மாவட்டத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சிமென்ட் மேடை, மேடைமேல் நீல வண்ணம் உரிந்த ஓர் அடிபம்பு. கைப்பிடியை அழுத்தினால் பாரமே இல்லாமல் தொபுக்கென்று கீழே போகிறது. ஐம்பது தடவை அடித்தும் ஒரு சொட்டு வரவில்லை. கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கல் மட்டும் நேற்று வைத்ததுபோல் பளபளக்கிறது.

தண்ணீர்க் குழுவின் பொருளாளர் வீட்டுக்குள் போய் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். (வயதில் மூத்த பெண்களை இங்கே ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும்; சுவாஹிலியில் அம்மா என்று பொருள். முதல் ஒரு மாதம் நமக்கு நாக்கு கூசும்.) எட்டுப் பக்கங்களில் வீடு வீடாக வாங்கிய மாத வசூல். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு ரப்பர் சீல், இரண்டு போல்ட், மெக்கானிக் கூலி. அதன்பிறகு வெள்ளைத் தாள். “பம்பு நின்றதும் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். காசு வராததால் பம்பைச் சரிசெய்ய முடியவில்லை” என்றார் மாமா, சிரித்துக்கொண்டே.

எங்களிடம் பதினோரு வருடம் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவரின் ஊர் அது. மேற்குக் கென்யாவின் கிசுமு நகரத்தில் வேலை பார்க்கும் நாங்கள் பதினான்கு பேர் அவர் ஊருக்கு ஏதாவது செய்வது என்று மாதாமாதம் போட்டு வந்த பணம் 12 லட்சம் ஷில்லிங்கைத் தொட்டுவிட்டது. டாலரில் 9,300 சொச்சம். சேர்க்கும்வரை ஒற்றுமையாக இருந்தோம். எதற்குக் கொடுப்பது என்று பேச்சு வந்ததும் வாட்ஸப் குழு இரண்டுபட்டது. போர்வெல் என்றார்கள் சிலர். வகுப்பறை என்றார் எங்களில் மூத்த அண்ணன். பேசாமல் மக்கள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றது இளைஞர் அணி. எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. குழுவுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

போர்வெல்

தண்ணீர் என்றால் நமக்கு மனசு இளகிவிடும். தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் எங்களில் பாதிப் பேர். ஆனால் அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒருவர் போர்வெல் போட்டுக் கொடுத்துவிட்டார். அது நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று போட்டால் அதுவும் நிற்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அங்கே இருப்பது ஆஃப்ரிடேவ் ரகப் பம்பு. ஊர்க்காரர்களே பழுது பார்க்க வேண்டும் என்பதற்காகவே 1980களில் கென்யாவிலும் மலாவியிலும் ஓட்டிப் பார்த்து வடிவமைத்தது. ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும். குழாயை வெளியே இழுக்காமல் உள்ளிருக்கும் கம்பிகளை மட்டும் தூக்கி, பிஸ்டனின் ரப்பர் சீலை மாற்றிவிடலாம். எல்லை தாண்டி உகாண்டாவுக்குள் போனால் பரவலாகத் தென்படுவது வேறு பம்பு. முதல்முறை அதைப் பார்த்தபோது கோவைக்காரனான எனக்கு ஊர் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று கால் பீடம், கைப்பிடியின் மறுமுனையில் சங்கிலி: நம் இந்தியா மார்க் 2. யுனிசெஃப் உதவியோடு 1970களில் கோவை வட்டாரத்துக் கிராமங்களில்தான் அதை ஓட்டிச் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் தயாரித்தது. உகாண்டாவில் அதற்கு யு2 என்று பெயர். முரட்டு உழைப்பாளி. ஆனால் அடியில் வாஷர் போனால் மொத்தக் குழாயையும் மேலே இழுத்தாக வேண்டும். கப்பி கட்டிய முக்காலி, நாலைந்து ஆள், அரை நாள் வேலை. உகாண்டாவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது, ஜி.ஐ. குழாயை அரித்துவிடும். தண்ணீர் துருவாக வரும், அதில் டீ போட்டால் கறுத்துப்போகும். பெண்கள் பம்பை விட்டுவிட்டு மறுபடி குட்டைக்கே போய்விடுவார்கள்.

மொத்தத்தில் இரண்டுமே நல்ல பம்புகள்தான். அப்படியிருந்தும் 2009இல் பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் மூன்றில் ஒரு கைப்பம்பு ஓடவில்லை என்று தெரியவந்தது. திறப்பு விழா முடிந்து கொடையாளி ஊருக்குப் போனபின், சில நூறு ஷில்லிங் சாமானுக்காகப் பல ஆயிரம் டாலர் கிணறு செத்துக் கிடக்கிறது. மாமாவின் நோட்டில் ஒன்பதாம் பக்கத்தோடு கணக்கு நின்றுபோன கதை அதுதான்.

இதற்கு மருந்து கண்டுபிடித்த இடமும் கென்யாதான். கிட்டுயி மாவட்டத்தின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பின் கைப்பிடிக்குள் சிம் கார்டு போட்ட ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். கைப்பிடி எவ்வளவு ஆடுகிறது என்பதை அது செய்தியாக அனுப்பும். ஆட்டம் நின்றால் மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். பழுதான பம்பு மறுபடி ஓட சராசரியாக 27 நாள் ஆன இடத்தில் 3 நாளுக்குள் சரியானது. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் ஃபுண்டிஃபிக்ஸ் என்ற பராமரிப்புச் சேவை. ஃபுண்டி என்றால் சுவாஹிலியில் மேஸ்திரி, தச்சர், மெக்கானிக் எல்லோரும். கிட்டுயியிலும் குவாலேயிலும் ஊரிடம் சந்தா வாங்கிக்கொண்டு பம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். சந்தா மட்டும் கட்டுப்படியாகாது, மேலே கொஞ்சம் வெளிப்பணம் வேண்டும். அந்த வெளிப்பணமாக இருக்க ஏன் யாருக்கும் ஆசை வருவதில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

நாங்கள் விசாரித்த விலையில் புதிதாகத் துளையிட்டுப் பம்பு வைத்தால் எங்கள் பணம் முழுவதும் அதற்கே போய்விடும். இருக்கும் பம்பை எழுப்பி மூன்று வருடம் பார்த்துக்கொள்ள அதில் கால்வாசிகூட ஆகாது.

வகுப்பறை

அண்ணனுக்குத் தன் அம்மா பெயரில் ஒரு வகுப்பறை கட்ட வேண்டும் என்று பல வருட ஆசை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2003இல் கென்யா ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்ததும் பிள்ளைகள் வெள்ளம்போல் வந்து சேர்ந்தார்கள். கட்டடமும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை. இந்தப் பள்ளியிலும் இரண்டு வகுப்புகள் மண் சுவருக்குள்தான் நடக்கின்றன.

கட்டடம் கட்டுவதில் இந்த நாட்டுக்காரர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. ‘ஹராம்பே’, அதாவது எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்பதைத்தான் 1963இல் விடுதலை பெற்றபோது ஜோமோ கென்யாட்டா நாட்டின் முழக்கமாக்கினார். கோழி, சோளம், கூலியில்லா உழைப்பு என்று கையில் இருந்ததைப் போட்டு ஊர்கள் தாங்களாகவே உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டன. 2003 முதல் நம் எம்.எல்.ஏ. நிதிபோல நாடாளுமன்ற உறுப்பினர் நிதியும் உண்டு. சுவரில் உறுப்பினர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

குறை ஆசிரியரில்தான். அரசு நியமிக்காத இடத்துக்குப் பெற்றோர் காசு போட்டு ஆள் வைத்துக்கொள்கிறார்கள். புது அறை கட்டினால் அதற்குள் நிற்க ஓர் ஆள் வேண்டுமே? தலைமை ஆசிரியரிடம் “வகுப்பறை கட்டித் தரலாமா?” என்று கேட்டோம். மகிழ்ச்சி என்றார். வேறு என்ன சொல்வார்? மறுமுறை போனபோது கேள்வியை மாற்றி, “இவ்வளவு பணம் உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்றோம். சற்று யோசித்து, “ஓர் ஆசிரியருக்கு இரண்டு வருடச் சம்பளம், பெண் பிள்ளைகளுக்குச் சீருடை, அப்புறம் தண்ணீர்” என்றார். கட்டடம் அந்தப் பட்டியலிலேயே வரவில்லை.

புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்பவர்களுக்கு இதே புசியாப் பக்கத்தில் 1990களில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் ஏறவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாய்மொழிக்கும் சுவாஹிலிக்கும் அடுத்த மூன்றாவது மொழி.

குடற்புழு மாத்திரைக் கதையும் இந்த மாவட்டத்தில்தான் ஆரம்பித்தது. 1998இல் 75 பள்ளிகளில் தொடங்கிய ஆய்வில், பள்ளிக்கு மட்டம் போடுவது கால்வாசி குறைந்தது. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரு டாலருக்கும் குறைவான செலவு. அந்த முடிவின்மேல் பொருளாதாரக்காரர்களும் மருத்துவ ஆய்வாளர்களும் 2015இல் போட்ட சண்டை பெரியது, இன்னும் ஓயவில்லை. 2012 முதல் அரசே தேசியத் திட்டமாக மாத்திரை கொடுப்பதால் எங்கள் பணத்துக்கு அங்கே அவசரம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

கையில் காசு

இதுதான் எங்கள் குழுவில் அதிகச் சூடு கிளப்பிய யோசனை. “காசு கொடுத்தால் குடித்து அழித்துவிடுவார்கள்” என்று ஒருவர் எழுதினார். ஊரில் பொங்கல் பரிசுப் பணத்தைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள் என்று இன்னொருவர் பதில் போட்டார்.

பேச்சை விட்டு ஆதாரத்துக்கு வருவோம். கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்தபிறகு பட்டன் போன் இருந்தால் போதும், கிராமத்துக் கடையில் பணம் எடுத்துக்கொள்ளலாம். அதை நம்பி ஆரம்பித்ததுதான் கிவ்டைரக்ட்லி அமைப்பு. நிபந்தனையில்லாமல் ஏழைக் குடும்பத்துக்கு நேராகப் பணம். எங்களுக்குப் பக்கத்து ஊரான ராரியேடாவில் 2011 முதல் நடந்த ஆய்வில், மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. மாடு வாங்கினார்கள், கூரையைத் தகரமாக மாற்றினார்கள். தகரத்துக்கு இங்கே ‘மபாட்டி’ என்று பெயர். புல் கூரையை அடிக்கடி வேய வேண்டும், தகரம் பல வருடம் கிடக்கும், மழைநீரையும் பிடிக்கலாம். மூளையுள்ளவர் செய்கிற முதலீடுதான்.

அடுத்து சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்களில் இன்னும் பெரிய ஆய்வு. 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் அளவில் கொடுத்தார்கள். அதில் தெரிந்தது: ஒவ்வொரு டாலரும் உள்ளூரில் கைமாறி ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தை அசைத்தது. பணம் வாங்காத அண்டை வீட்டாருக்கும் வியாபாரமும் கூலியும் கூடின. விலைவாசி ஏறியது என்று சொல்லவே முடியாத அளவு. அதே குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2025இல் வெளியிட்ட முடிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த வீடுகளில்தான் பலன் அதிகம். கர்ப்பிணிகள் கடைசி மாதங்களில் வயல் வேலையைக் குறைத்திருந்தார்கள். நிறைமாதத்தில் களைக்கொட்டு பிடித்த தாய்மார்களை அறிந்த யாருக்கும் இது விளங்கும்.

குறையே இல்லையா? உண்டு. ஹோமா பே பகுதியில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பணத்தையே வேண்டாம் என்று சொன்ன காலம் இருந்தது. சும்மா எவன் இவ்வளவு கொடுப்பான், இது சாத்தான் வேலை என்று வதந்தி. காங்கோவில் 2022இல் உள்ளேயிருந்த ஆட்களே ஏறக்குறைய 9 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள்; அமைப்பு அதைத் தானே வெளியில் சொன்னது என்பதும் உண்மை. இவற்றைவிட எங்களுக்குப் பெரிய சிக்கல் வேறு. ஊரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள், நாங்கள் அல்ல. எங்கள் பணம் முழுவதையும் கொடுத்தால் எட்டு ஒன்பது குடும்பங்களுக்குப் போகும். ஆனால் எங்கள் ஓட்டுநரின் ஊருக்கு ஒரு ஷில்லிங்கூடப் போகாது.

அப்படியானால் நாமே போய் அந்த ஊரில் பங்கு போட்டுக் கொடுப்பது? தயவுசெய்து வேண்டாம். இருநூறு வீட்டில் ஒன்பது வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டால், ஓட்டுநர்தான் மீதி நூற்றுத்தொண்ணூற்றொரு வீட்டுக்கும் ஆயுள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

காசால் முடியாத ஒன்றும் இருக்கிறது. ஊர்ப் பம்புக்கு ரப்பர் சீலை எந்தத் தனிவீடும் வாங்காது. பொதுச் சொத்துக்குப் பொதுவில்தான் காசு வேண்டும்.

ஊற்றும் குளோரினும்

ஆரம்பத்தில் யார் பட்டியலிலும் இல்லாதது இது. புசியா மண்ணில் ஊற்றுகள் நிறைய. பம்பு நின்றதும் பெண்கள் 20 லிட்டர் மஞ்சள் கேனோடு போவது அங்கேதான். கலங்கிய குட்டை, பக்கத்திலேயே மாடும் நீர் குடிக்கும், மழை வந்தால் மேட்டுக் கழிவெல்லாம் உள்ளே. ஊற்றுக் கண்ணைக் கல்லும் களிமண்ணும் வைத்து மூடி, சிமென்ட் சுவர் எழுப்பி, ஒரு குழாய் வழியாக நீர் விழும்படி செய்துவிட்டால் பம்பும் வேண்டாம், வாஷரும் வேண்டாம். இதே வட்டாரத்தில் மைக்கேல் கிரெமர் குழு (2019இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்) ஆராய்ந்தபோது ஓர் ஊற்றுக்குச் செலவு ஏறக்குறைய 1,000 டாலராக இருந்தது. ஊற்று நீரில் மலக்கிருமி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு கால்வாசி குறைந்தது.

மூன்றில் இரண்டு எப்படிக் கால்வாசியானது? வீட்டுக்கு வந்த தண்ணீரைப் பானையில் ஊற்றி, குவளையைக் கையோடு உள்ளே விட்டு மொள்கிறார்கள். வழியில் சுத்தம் கெட்டுவிடுகிறது. அதற்குத்தான் ஊற்றடியிலேயே ஒரு குளோரின் பெட்டி. ஒரு திருகு திருகினால் ஒரு கேனுக்கு வேண்டிய அளவு சொட்டும். கேன் வீடு போய்ச் சேர்வதற்குள் வேலை செய்துவிடும், பானையிலும் கொஞ்ச நேரம் காக்கும். கடையில் பாட்டிலில் விற்றபோது பத்து வீட்டில் ஒரு வீடு வாங்கினால் அதிகம். பெட்டியை இலவசமாக வைத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். இலவசத்துக்கு மதிப்பிருக்காது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலையை இலவசமாகவும் விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அரை டாலருக்குச் சற்று மேல் விலை வைத்ததும் வாங்குவோர் கூட்டம் அடியோடு சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாக வாங்கியவர்களைவிட அதிகமாக அதைக் கட்டிப் படுக்கவும் இல்லை.

கென்யா, உகாண்டா, மலாவி மூன்றிலும் எவிடன்ஸ் ஆக்‌ஷன் அமைப்பு இந்தப் பெட்டிகளை வைத்து நிரப்பி வந்திருக்கிறது. நாங்களாகக் குளோரின் வாங்கி நிரப்பக் கிளம்புவது முட்டாள்தனம். எங்கள் ஊற்றைச் சரிசெய்துவிட்டு அவர்களைப் போன்றவர்களிடம் கேட்பதுதான் முறை.

மற்றவை, சுருக்கமாக

எல்லாவற்றையும் ஒரே ஊரில் கொட்டினால் என்ன என்பதற்கு சியாயாவின் சௌரி சாட்சி. பொருளாதார அறிஞர் ஜெஃப்ரி சாக்ஸ் முன்னின்று நடத்திய மில்லேனியம் கிராமங்கள் திட்டத்தின் முதல் ஊர்களில் ஒன்று. உரம், கொசுவலை, மதிய உணவு, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து வந்தன. பத்து நாடுகளில் 2015 வரை ஓடியது. பிறகு நடந்த மதிப்பீட்டில் விவசாயமும் சுகாதாரமும் தேறியிருந்தன. வறுமை குறைந்தது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஒப்பிட வேறு ஊர்களை முதலிலேயே முறையாகத் தேர்ந்தெடுத்து வைக்காதது பெரிய பிழை. 9,300 டாலர்காரர்களுக்கு இந்த ஆசையே வரக்கூடாது.

பழைய துணி அனுப்பலாமா என்று தமிழ்நாட்டிலிருந்து கேட்டார்கள். நைரோபியின் கிகோம்பா சந்தையில் மலைமலையாகக் கிடப்பதே அதுதான்; ‘மிதும்பா’ என்று தனிப் பெயரே உண்டு. திருநெல்வேலிக்கே அல்வா அனுப்புகிற வேலை. நாங்களே போய்ச் சுவருக்கு வண்ணம் அடிக்கலாம் என்ற யோசனைக்கு, ஊரில் வேலையில்லாத பெயின்டர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று ஓட்டுநர் மரியாதையாகச் சொன்னார்.

தமிழ்நாட்டிலிருந்து பணம் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தனிநபர் வங்கி வழியாக வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்ப வழி உண்டு, வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் உச்சவரம்புக்குள். இந்தியாவில் பதிவான அறக்கட்டளைக்குக் கொடுத்தால் கிடைக்கும் வருமான வரிச் சலுகை அதற்குக் கிடைக்காது.

கடைசியில்

நான் குழுவுக்கு வைத்த கணக்கு இது. இரண்டு ஊற்றுகளுக்கு 3 லட்சம் ஷில்லிங். பம்பைச் சரிசெய்து, பூட்டுப் போட்ட பெட்டியில் உதிரி சாமான் வைத்து, பக்கத்து ஊர் ஃபுண்டி ஒருவரோடு மூன்று வருட ஒப்பந்தம் போட 2.5 லட்சம், பணத்தை வைத்துக்கொள்வது எங்கள் குழு அல்ல, ஊர்ப் பெண்களின் ‘சாமா’. நம் ஏலச்சீட்டின் உடன்பிறப்பு அது. ஒரு ஷில்லிங் பிசகினாலும் உறுப்பினர்கள் விடமாட்டார்கள். சீருடைக்கு 1 லட்சம். மீதி 5.5 லட்சத்தைக் காசாகக் கொடுக்கும் அமைப்புக்கு அனுப்புவது. ஆதாரத்தை மட்டும் பார்த்தால் முழுப் பணமும் அங்கேதான் போக வேண்டும் என்று இளைஞர் அணி வாதிட்டது. தப்பென்று சொல்லமாட்டேன். பதினோரு வருடம் எங்களை உயிரோடு வீடு சேர்த்தவரின் ஊர் என்பதற்கு ஒரு விலை வைத்தேன். அந்த விலை பாதிப் பணத்துக்குச் சற்று மேல்.

ஆசிரியர் சம்பளம் விட்டுப்போனது எனக்கே உறுத்தல்தான். இரண்டு வருடம் கொடுத்துவிட்டு மூன்றாம் வருடம் நிறுத்தினால் அந்த ஆசிரியர் என்ன செய்வார் என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ஒன்பதுக்கு ஐந்து என்று முடிவானது. அண்ணன் எதிர்த்து வாக்களித்தார், ஆனால் ஊற்றைப் பார்க்க எங்களோடு வந்தார். குட்டையில் கேனைச் சாய்த்து மெதுவாக நிரப்பிக்கொண்டிருந்த ஒரு சிறுமியைப் பார்த்தபடி, குழாய் எந்த உயரத்தில் வரும், கேன் அடியில் நிற்குமா என்று கொத்தனாரிடம் விசாரித்தார். பெயர்ப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் நடுவில் பெருமழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் சிமென்ட் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே ஜனவரியில் வேலை. மணலும் கல்லும் ஆளும் ஊர் தருகிறது. ஊற்று இருப்பது தனியார் நிலம். தண்ணீரை யாருக்கும் மறுக்கக்கூடாது என்பது இங்கத்திய வழக்கம் என்றாலும், நிலக்காரரின் கையெழுத்து இல்லாமல் ஒரு கல்லும் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நைரோபியில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். கிறிஸ்துமஸுக்குத்தான் ஊருக்கு வருவாராம்.